ரத்தினம்மா கடையில் பந்தடிக்கப் பழகிய கதை

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்துக் கறுப்பையாவுக்கு இரண்டு தாரம். மூத்தவள் இராமையாவையும் இரண்டு பெண்களையும் பெற்றுவிட்டுக் கண்ணை மூடினாள். பச்சைப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று, அவளுடைய சித்தப்பன் மகளையே இரண்டாவதாகக் கட்டிவைத்தார்கள். அவள் வயிற்றில் பிறந்தவள்தான் ரத்தினம்மா. இராமையாவுக்கு அவள் தங்கச்சியும்தான், சித்தி மகளும்தான். அந்த உரிமையில் அவன் அவளைத் திட்டுவான். அந்த உரிமையில் அவள் கேட்கவும் மாட்டாள்.

கறுப்பையா கொழுந்து மலைக்குப் போன ஆள் இல்லை. தொரைமார் குச்சி வைத்துப் பந்தடிக்கிற புல்வெளி ஒன்று அந்தக் காலத்தில் மலைக்கு அப்பால் இருந்தது. அங்கே தொரைமாருக்குப் பை தூக்கும் வேலை. குச்சிகள் நிறைந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடு பள்ளம் எல்லாம் பின்னால் நடக்க வேண்டும். பந்து புதரில் விழுந்தால் அட்டைக் கடியோடு தேட வேண்டும். கிடைக்காவிட்டால் திட்டும் அவனுக்குத்தான். ரத்தினம்மா சின்னதிலே அப்பனுக்குச் சோறு கொண்டுபோகிற சாக்கில் அங்கே போய்ப் பந்து பொறுக்குவாள். குச்சியைத் தொட அவளுக்கும் உத்தரவில்லை, அவள் அப்பனுக்கும் உத்தரவில்லை.

வயசு வந்ததும் பிலிமத்தலாவையில் சலூன் வைத்திருந்த காளிமுத்துவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். காளிமுத்து யாரென்றால், இராமையாவின் பெண்சாதி வீரம்மாவுக்குக் கூடப் பிறந்த அண்ணன். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். எழுபத்தேழு இனக் கலவரத்தில் சலூன் கண்ணாடிகளை மட்டும் நொறுக்கினார்கள். காளிமுத்து புதுக் கண்ணாடி மாட்டினான். எண்பத்துமூன்றில் கண்ணாடியோடு கடையையும் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டையும் கொளுத்திவிட்டார்கள். இரண்டு தடவையும் ரத்தினம்மா மகளோடு ஹந்தானைக்கு ஓடிவந்து, அண்ணனுடைய ஒற்றையறைக் காம்பிராவில் ஒரு மூலையில் சேலையைத் தொங்கவிட்டுக் குடும்பம் நடத்தினாள். காளிமுத்து பிறகு நெஞ்சு நோவில் போய்ச் சேர்ந்தான். மகளை மாத்தளையில் கட்டிக் கொடுத்தாள். சண்டை நிறுத்தம் என்று ரோட்டெல்லாம் திறந்துவிட்ட காலத்தில், கண்டி டவுனுக்கு இறங்கி, பேராதனை வீதியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் கொமியூனிகேஷன் கடை போட்டாள். டெலிபோன் பேசலாம், போட்டோ கொப்பி எடுக்கலாம். போகப்போக நாலு கொம்பியூட்டரும் வந்தது. கடைக்கு ‘காளிமுத்து கொமியூனிகேஷன்’ என்றே பெயர் வைத்தாள். தமிழ்ப் பெயர் வைக்காதே, ஆகாத காலம் என்று இராமையா சொன்னான். அதனால்தான் வைத்தேன் என்றாள்.

அந்த ஆட்டத்தைக் கடைக்குக் கொண்டுவந்தது நஸீம். அக்குறணையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறவர். கண்டிக்கு லொறி வந்து சாமான் ஏற்றி முடியும் வரை மேல்மாடியில் வந்து உட்காருவார். கொம்பியூட்டரில் கோல்ஃப் ஆட்டம். எந்தெந்தத் தேசத்திலோ இருந்து நாலு பேர் வரை ஒன்றாகச் சேர்ந்து, திரையில் தெரிகிற புல்வெளியில் பந்தடிக்கலாம். பந்தைக் குழியில் போட்டால் புள்ளி ஏறும். தண்ணீரில் போட்டால் இறங்கும்.

ரத்தினம்மா முதல் தடவை எட்டிப் பார்த்தபோதே, “நஸீம் பாய், காத்து இந்தப் பக்கம் வீசுது. நீங்க அந்தப் பக்கமா பாத்துக்கிட்டு அடிக்கிறீங்களே,” என்றாள்.

“அக்காக்கு இந்த வெளயாட்டு தெரியுமா?”

“வெளையாட்டு தெரியாது. திட்டு வாங்கத் தெரியும். எங்கப்பா வாங்கினத நெறையப் பாத்திருக்கேன்.”

அன்றைக்கே அவளும் ஒரு பெயர் பதிந்துகொண்டாள். ஒரு வருஷத்துக்குள் மேல் வகுப்புக்கு வந்துவிட்டாள். அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளிக் கிண்ணத்தின் படம் போட்டார்கள்.

மூன்றாவதாகச் சேர்ந்தவர் நவரட்ணராஜா மாஸ்டர். யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிப் பக்கத்து ஆள். கண்டியில் கணக்குப் படிப்பித்து, பென்ஷன் எடுத்து, திரும்பிப் போக வழியில்லாமல் இங்கேயே தங்கிவிட்டவர். கனடாவில் இருக்கும் மகனோடு பேச வருவார். பேச்சு முடிந்ததும், “பிள்ளை, அந்தப் பந்துச் சாமானை ஒருக்காத் திறந்து விடும்,” என்பார்.

அந்த ஆட்டத்தில் ஒரு பெரிய குறை. பழகிப் பார்க்க இடமே இல்லை. புதிதாக வருகிற ஆளும் நேரே பந்தயத்துக்குள்தான் போக வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் கணக்கு. ஒருவருக்கு ஒரே பெயர்தான். இரண்டாவது பெயர் வைத்தால் இரண்டையும் அழித்துவிடுவார்கள். ஒரேயடியாகத் தோற்றால் பெயர் அடிவகுப்புக்கு விழும். அங்கே கிண்ணம் இல்லை, பெயருக்குப் பக்கத்தில் காய்ந்த இலை ஒன்றின் படம் போடுவார்கள். இலைக்காரரோடு சேர்ந்து ஆட ஒருவரும் வரமாட்டார்கள். கடைக்குப் புதிதாக வந்த பெண்கள், ஆஸ்பத்திரி வேலைக்காரர், வங்கிக்காரர் என்று எத்தனையோ பேர் ஆசையாக உட்கார்ந்து, இலை விழுந்ததும் முகம் செத்துப்போய் எழுந்து போனார்கள்.

அதைப் பார்க்க ரத்தினம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒவ்வொரு குழியையும் படமாக வரைந்தாள். புல்வெளி, மணல் பள்ளம், எங்கே நின்று அடிப்பது, காற்று எந்தப் பக்கம், பந்து எங்கே விழும் என்று சிவப்புப் பேனாவால் அம்புக்குறி. எத்தனை கஜம் தூரம் என்று மாஸ்டர் கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தார். கொம்பியூட்டருக்குப் பின்னால் சுவர் நிறைய அந்தப் படங்கள். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். ஏழாவது குழிதான் எல்லாரையும் கொன்றது. நடுவில் பெரிய குளம், குளத்துக்கு நடுவில் குட்டித் தீவு, கரையோரமாக வெள்ளைக் கட்டடம். அந்த ஒரு குழிக்கு மட்டும் மூன்று படம் வரைந்து ஒட்டினாள்.

நடுவில் தீவுள்ள குளமும், அதன் கரையில் முன்பு ஒருதரம் குண்டு வெடித்த வெள்ளைத் தலதா மாளிகையும் இருக்கிற கண்டியிலே இருந்துகொண்டு, குளமும் தீவும் வெள்ளைக் கட்டடமும் வரைந்து, அதன் மேல் சிவப்பு அம்புக்குறி போட்டு, தூரமும் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம் என்று அந்த மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவர்கள் கண்ணுக்கு அது ஏழாவது குழி, அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஆட்டத்தை நடத்துகிற கம்பனிக்காரர் ஒரு கேள்வி போட்டார்கள். பழகிப் பார்க்க ஒரு தனிப் புல்வெளி வைக்கலாமா, வேண்டாமா? ஆட்டக்காரர்கள் கருத்து எழுதலாம். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வாக்குப் போடலாம். கிண்ணம் உள்ளவர்களுக்கு வாக்கு உண்டு, இலைக்காரருக்கு இல்லை. கடையில் அந்த மூன்று பேருக்கும் கிண்ணம் இருந்தது.

கடையில் சண்டை தொடங்கிவிட்டது.

“தேவையில்லை,” என்றார் மாஸ்டர். “கணக்குப் பிழைச்சால் மார்க் குறையவேணும். குறைஞ்சால்தான் அடுத்தமுறை பிழைக்காது. சும்மா அடிச்சுப் பார்க்கிறதெண்டால் அது பொழுதுபோக்கு.”

“இது பொழுதுபோக்கு இல்லாம வேற என்ன மாஸ்டர்? நீங்க என்ன பரீட்சைக்கா வந்திருக்கீங்க?”

“நான் எப்பவும் பரீட்சைக்குத்தான் வாறனான்.”

“அதான் எப்பவும் ஏழாவதுல பெயிலாகிப் போறீங்க,” என்றாள். நஸீம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அவள் சொல்லச் சொல்ல நஸீம் இங்கிலீஷில் தட்டி அனுப்பினார். அவள் சொன்னது இவ்வளவுதான். எங்கப்பா தொரைமாருக்குப் பை தூக்கினவரு. தொரை ஆடப் போறதுக்கு முந்தி, பக்கத்துல தனியா ஒரு புல்லுல வாளி நெறையப் பந்தைக் கொட்டி, அது தீருற வரைக்கும் அடிச்சுப் பழகுவாரு. கண்ட கண்ட பக்கமெல்லாம் போகும். யாரும் எண்ண மாட்டாங்க. பழகுன பெறகுதான் ஆட்டத்துக்கு வருவாரு. அந்தப் புல்லுல எங்கப்பா ஒரு பந்து அடிச்சுப் பாக்க விட்டாங்களா? இல்ல. பழக எடம் இருக்கிறவன்தான் நல்லா ஆடுவான். நல்லா ஆடுறவன்தான் இப்ப பழக எடம் வேணாங்கிறான்.

“கடைசி வரி கொஞ்சம் காரம் அக்கா. அழிச்சிடவா?”

“அழிச்சா இனிமே தேத்தண்ணி கெடையாது.”

எந்தெந்தத் தேசத்துக்காரரோ பதில் போட்டார்கள். ஒருவன், வீட்டில் தாளில் எழுதிவைத்துப் பழகட்டும், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம் என்று எழுதியிருந்தான். அதைக் கேட்டுவிட்டு ரத்தினம்மா, நாங்களும் அதைத்தானே செய்கிறோம் என்று சுவரைப் பார்த்துச் சிரித்தாள்.

எங்கேயோ பஸ்ஸில் குண்டு வெடித்த வாரம் அது. டவுனில் சுற்றிவளைப்பு. ஒவ்வொரு கடையாக ஏறி அடையாள அட்டை பார்த்துக்கொண்டு வந்தவர்கள் மேல்மாடிக்கும் வந்தார்கள். முன்னால் வந்த பொலிஸ்காரர் சுவரைப் பார்த்தார். பின்னால் வந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு ஒருவரும் அடையாள அட்டை கேட்கவில்லை. படங்களையும் ரத்தினம்மாவையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

பொலிஸில் பெரிய அதிகாரி அந்த மூன்று தாள்களையும் மேசையில் விரித்துவைத்துச் சிங்களத்தில் கேட்டார். ரத்தினம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு.

“இது எந்தக் குளம்?”

“பந்து விழுற குளம் மாத்தயா.”

“எந்த ஊரில் இருக்கிறது?”

“எந்த ஊருலயும் இல்ல.”

“இல்லாத குளத்துக்கு எதுக்காகத் தூரம் அளந்தாய்?”

“இல்லாத குளம்தான். ஆனா பந்து விழுந்தா எழும்ப மாட்டேங்குதே.”

அறையில் நின்ற சார்ஜன்ட் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை. இந்த எண்களை எழுதியது யார் என்று கேட்டார். அம்புக்குறி எல்லாம் நான் போட்டது என்றாள். அந்த நேரம் பார்த்து மாஸ்டர் குடையோடு படியேறி வந்து, அது என் எழுத்து என்றார். அவருடைய அட்டையை வாங்கிப் பிறந்த ஊர் வடக்கு என்று கண்டதும் அதிகாரி அவரையும் விசாரிக்க இன்னொரு கதிரை போடச் சொன்னார்.

“மாஸ்டர், ஒங்கள யாரு வரச் சொன்னது?” என்று ரத்தினம்மா தமிழில் பல்லைக் கடித்தாள்.

“என்ர கணக்குக்கு நான்தானே பதில் சொல்லவேணும்.”

“இப்ப ரெண்டு பேரும் சேந்து சொல்லுங்க.”

பின்னேரம் போல இரண்டு பேரையும் விட்டார்கள். ஆனால் கடை பூட்டியிருக்க வேண்டும். நாளைக்கு சார்ஜன்ட் வந்து அந்த ஆட்டம் என்னவென்று பார்ப்பார். திருப்தி இல்லாவிட்டால் கடைக்கு சீல். ஆட்டத்தை எடுத்துவிடுகிறேன் என்று இப்போதே எழுதிக் கையெழுத்து வைத்தால் இன்றைக்கே திறக்கலாம் என்றார் அதிகாரி.

“வைக்க மாட்டேன் மாத்தயா. கையெழுத்து வச்சா நான் தப்பு செஞ்ச மாதிரி ஆயிடும்.”

கடைக்குத் திரும்பினால் படியில் இராமையா உட்கார்ந்திருந்தான். செய்தி அதற்குள் ஹந்தானைக்கு ஏறிவிட்டது. அவன் காலில் சேறு காயவில்லை.

“சாமானக் கட்டு. லயத்துக்குப் போவோம்,” என்றான்.

“எதுக்கு?”

“எதுக்கா? தொரைமாரு வெளையாட்டு ஒனக்கு எதுக்குடி? ஒரு கையெழுத்து வச்சிட்டுப் பேசாம போட்டோ கொப்பி எடுத்துக்கிட்டு இருக்கலாம்ல? ஒங்க அண்ணி அழுதுகிட்டு இருக்கா. அவ அண்ணன் கடை மாதிரி இதுவும் போயிரும்னு.”

“எழுவத்தேழுல ஓடியாந்தேன். எம்பத்துமூணுல ஓடியாந்தேன். ரெண்டு வாட்டியும் நாங்க ஒண்ணும் செய்யல, சும்மாதான் இருந்தோம். சும்மா இருந்தும் கொளுத்துனாங்கல்ல? அப்புறம் எதுக்கு நான் சும்மா இருக்கணும்?”

இராமையா காலில் இருந்த சேற்றைப் படியில் தேய்த்தான்.

“இந்தக் கடை போச்சுன்னா எனக்குப் போக்கிடம் இல்லண்ணே. அது எனக்குத் தெரியாதா? ஒன் காம்பிராவுல ஒன் மருமக இருக்கா, பேத்தி இருக்கா. சேல தொங்கவிடக்கூட மூல இல்ல. நான் இங்கதான் இருப்பேன். நீ வந்ததுக்கு ஒரு பணிஸ் தின்னுட்டுப் போ.”

அவன் தின்னாமல்தான் போனான். போகும்போது கீழே பேக்கரியில் நின்று தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் அந்த சார்ஜன்டும் இரண்டு பொலிஸ்காரரும் வந்தார்கள். மாஸ்டரும் நஸீமும் முன்னாலேயே வந்து ஓரமாக நின்றார்கள். ரத்தினம்மா கொம்பியூட்டரைத் திறந்து ஏழாவது குழியைக் காட்டினாள். குளம், தீவு, வெள்ளைக் கட்டடம். சார்ஜன்ட் கையில் இருந்த தாளையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தார்.

“இதற்குப் போய் ஏன் படம் வரைய வேண்டும்? பார்த்து அடிக்க வேண்டியதுதானே,” என்றார்.

“அடிச்சுப் பாருங்க மாத்தயா. அடிக்காம இது வெளங்காது.”

அடிப்பதற்குப் பெயர் வேண்டும். தன்னுடைய பெயரையும் விலாசத்தையும் ஏதோ தேசத்துக் கம்பனிக்குக் கொடுக்க சார்ஜன்டுக்கு விருப்பமில்லை. யுத்தகாலம். “என் பேருலயே அடிங்க,” என்றாள் ரத்தினம்மா.

மாஸ்டர் அவள் பக்கம் குனிந்தார். “பிள்ளை, அவர் அடிச்சால் உம்மட பெயர்தான் விழும். நாளைக்கு வெள்ளிக்கிழமை, வாக்கெல்லே.”

“தெரியும். நான் விழுந்தா ஒங்க பக்கத்துக்கு லாபம்தானே மாஸ்டர்?”

“அப்பிடி லாபம் எனக்கு வேண்டாம்.”

“கட பூட்டிக் கெடக்கையில கிண்ணத்த வச்சு நக்கவா?” என்று சொல்லிவிட்டு, சார்ஜன்டுக்குக் கதிரையை இழுத்துப் போட்டாள்.

சார்ஜன்டின் முதல் பந்து குளத்தில் விழுந்தது. இரண்டாவதும் குளத்தில். மூன்றாவது தீவு வரை போய், ஒரு குதி குதித்து, அதுவும் குளத்தில். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவனைப் பிடித்துக் கதிரையில் உட்காரவைத்தார் சார்ஜன்ட். அவனுடையதும் தண்ணீருக்குப் போனது. தொப்பிகள் மேசைமேல் ஏறின. கீழே இருந்து பேக்கரிக்காரர் தேத்தண்ணி அனுப்பினார். காற்று எந்தப் பக்கம் என்று கேட்கத் தொடங்கினார்கள். ரத்தினம்மா, “படத்துல இருக்கே மாத்தயா,” என்றாள். சார்ஜன்ட் தான் கொண்டுவந்த அந்தத் தாளையே கொம்பியூட்டரில் சாய்த்துவைத்து, அம்புக்குறியைப் பார்த்து அடித்தார். பந்து தீவில் போய் நின்றது. மூன்று பேரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

அவர்கள் எழும்பும்போது ரத்தினம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் கிண்ணம் இல்லை. காய்ந்த இலை இருந்தது.

சார்ஜன்ட் தொப்பியைப் போட்டுக்கொண்டதும் பொலிஸ் முகம் திரும்பி வந்துவிட்டது. ஆட்டம் இருக்கலாம், கடையைத் திறக்கலாம். ஆனால் படம் சுவருக்கு ஏறக் கூடாது.

“அப்ப புதுசா வர்றவங்க எதப் பாத்துப் பழகுவாங்க? நீங்க இப்ப எதப் பாத்து அடிச்சீங்க?”

“அது எங்களுடைய வேலை இல்லை அக்கா. ஒரு படம்கூட இருக்கக் கூடாது.”

தாள்களைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

வெள்ளிக்கிழமை வாக்கு நடந்தது. நஸீம் வேண்டும் என்று போட்டார். மாஸ்டர் வேண்டாம் என்று போட்டார். முகத்துக்கு நேரே அதைச் சொல்லவும் செய்தார். “பொலிசுக்கு வந்தது வேறை, கொள்கை வேறை,” என்றார். இலை விழுந்த ரத்தினம்மாவுக்கு வாக்குப் போடுகிற பக்கமே திறக்கவில்லை. இரண்டு நாளில் முடிவு வந்தது. வேண்டாம் என்றவர்கள்தான் அதிகம். பழகும் புல்வெளி வராது.

“மனச விட்றாதீங்க அக்கா. மெல்ல மெல்ல அடிச்சா எலய கழட்டிரலாம். நானும் ஒங்களோட சேந்து ஆடுறன்,” என்றார் நஸீம்.

அவள் இலைப் பெயரோடு ஏழாவது குழியைத் திறந்தாள். கூட ஆட யாரும் வரவில்லை. இலையைக் கண்டு எல்லாரும் ஒதுங்கிப் போனார்கள். புல்வெளி முழுக்க அவள் ஒருத்திதான். வேண்டுமென்றே ஒரு பந்தைக் குளத்தில் போட்டாள். புள்ளி இறங்கவில்லை. இறங்க இடமில்லை. இன்னொன்று போட்டாள். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. பந்தடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு பழைய பெட்டி மட்டை ஒன்றை எடுத்து, தமிழிலும் சிங்களத்திலும் தானே எழுதி, இங்கிலீஷில் நஸீமை எழுதவைத்து, அந்தக் கொம்பியூட்டர் தலையில் மாட்டினாள். இங்கே பிழையாக அடிக்கலாம் என்று மூன்று பாஷையிலும் இருந்தது.

“எலைய கழட்டப் போறதில்லையா அக்கா?”

“எதுக்குக் கழட்டணும்? அவங்க எடம் தர மாட்டோம்னாங்க. எடம் இங்க இருக்கு. என் பேரு, என் கட. எவன் வந்து கேக்குறான்னு பாக்குறேன்.”

அதற்குப் பிறகு கடைக்குப் புதிதாக யார் வந்தாலும் அவள் பெயரில்தான் முதலில் உட்காருவார்கள். கை பழகும் வரை அடித்துவிட்டு, தங்கள் பெயரைப் பதிந்துகொண்டு பந்தயத்துக்குப் போவார்கள். ஒரு தடவை சார்ஜன்ட் படியேறி வந்து மட்டையை வாசித்தார். இதற்கு யாரிடம் அனுமதி வாங்கினாய் என்று கேட்டார். படம்தானே கூடாது என்றீர்கள், எழுத்துக்கு ஒன்றும் சொல்லவில்லையே என்றாள். அவர் அந்தக் கதிரையில் உட்கார்ந்து இரண்டு பந்து அடித்துவிட்டுப் போனார்.

ஒருநாள் காலையில் கடை கூட்டுவதற்கு முன்னாலேயே மாஸ்டர் வந்துவிட்டார். தன்னுடைய வழக்கமான கொம்பியூட்டருக்குப் போகாமல், குடையை மடக்கிக்கொண்டு மட்டைக்குக் கீழே நின்றார்.

“உதிலை ஆரும் இருக்கினமோ?”

“இல்ல.”

“இந்த ஏழாவதை ஒருக்கா... நஸீமுக்குச் சொல்லவேண்டாம்.”

“எதிரா வாக்குப் போட்டவங்களுக்கும் எடம் இருக்கு. உக்காருங்க மாஸ்டர்.”

அவர் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, காற்றைப் பார்த்து, மனசுக்குள் கணக்குப் போட்டு, அடித்தார். பந்து தண்ணீரில் விழுந்தது.

“இன்னொண்டு அடிக்கலாமோ?”

ரத்தினம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

“அடிங்க மாஸ்டர். கொளம் தூந்து போற வரைக்கும் அடிங்க.”